செடிக்கு ஊற்றிய பால்

மூக்கு நீண்ட சின்ன வெள்ளிப் பாலாடை அது, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது. அதைக் கருவேப்பிலைச் செடியின் அடியில் சாய்த்துப் பிடித்தபடி வீட்டுக்கார அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் துவைக்கிற கல்லருகில் குழந்தைத் துணிகளோடு நின்றேன். அவர் ஊற்றியது தாய்ப்பால். மண் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. பாலாடையைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டார். என் அறைக்குள் என் மகள் பசியில் அழுதுகொண்டிருந்தாள்.

இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்று எங்களுடையது. நாங்கள் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. காருக்கு ஒயர் கட்டும் லைனில் நானும் வயிறு தள்ளும் வரை நின்றேன். அக்கா இந்த ஊர் விவசாயக் குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் அவருடைய வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். எனக்குக் கல்யாணமான கையோடு. அவருக்கு எத்தனையோ வருஷம் காத்திருந்து. பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கக்கூடாது என்று மாமியார் சொல்லியும் கேட்காமல், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பாலாடையை வாங்கிவந்து எனக்கு ரகசியமாகக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

என் மகளுக்குச் சில நாள் முன்பு அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூச்சுத் திணறி, வீட்டுக்கு வராமலே போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தப் பாலாடையைப் பற்றித்தான் பேசினார்கள். அவசரப்பட்டு வாங்கினாள், அதான் தங்கவில்லை என்றார்கள். பெற்றவள் காதில் விழும்படி இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. தாய்ப்பால் கால் படுகிற இடத்தில் சிந்தக்கூடாது, செடியடியில்தான் விடவேண்டும் என்பார்கள். வீட்டில் எத்தனையோ கிண்ணங்கள் இருக்க, அவர் அதை அந்தப் பாலாடையில்தான் பீய்ச்சினார்.

எனக்கோ பால் போதவில்லை. மகள் மாதம் நிறையாமல் முந்திப் பிறந்தவள், கைக்குள் அடங்குகிற உருவம். மார்பில் வாய் வைத்ததும் தூங்கிப்போவாள், எடுத்தால் அழுவாள். ஊரே எனக்கு வைத்தியம் பார்த்தது. டப்பாப் பால் கொடுப்பவள் எல்லாம் ஒரு தாயா என்று போனில் மாமியார் கேட்டார். டப்பாப் பால்தான் பிள்ளையைக் கொழுகொழுவென்று வைக்கும் என்றாள் லைனில் கூட நின்றவள். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடு என்றார் எதிர் அறைக்காரர், அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அப்பா படுக்கையில் கிடந்ததால் என் அம்மாவால் வர முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன், தலையாட்டிவிட்டு அழுதேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையைத் தராசில் போட்ட நர்சம்மாவின் முகம் மாறியது. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இரு, ஊறும். ஆனால் அதுவரை கூடுதலாக ஏதாவது உள்ளே போயே ஆகவேண்டும், டப்பாப் பாலாக இருந்தாலும் சரி என்றார்.

மறுநாள் காலை அக்கா என் வாசலில் வந்து நின்றார். கையில் பாலாடை, அதன்மேல் ஒரு தட்டு.

"செடிக்குக் கீய ஊத்தத்தான் போறேன். வோணும்னா எடுத்துக்கோ."

அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. நான் முதலில் நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனைகளும் அவரிடம்தான் நடந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, தாராளமாகக் கொடு, பாலாடையை மட்டும் வெந்நீரில் கொதிக்கவிட்டுக்கொள் என்றார். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். அதுதான் தப்பாகிப்போனது.

"வேணாம்த்தா. பிள்ளையப் பறிகொடுத்தவ பாலு. நம்ம பிள்ளைக்கு ஆகாது."

அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியவள் இல்லை நான். அன்று போனை வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அழுகிற பிள்ளை என் மடியில் கிடந்தது, அம்மா மடியில் இல்லை. பாலாடையின் மூக்கை மகளின் உதட்டோரம் வைத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அக்கா வாசலில் இல்லை.

அதன்பின் காலையும் மாலையும் பாலாடை வந்தது. கொடுத்துவிட்டு உடனே போய்விடுவார். குழந்தையைப் பார்க்கமாட்டார், பேர்கூடக் கேட்கவில்லை. ஒருநாள் நான் வெந்நீரைக் கையில் கொட்டிக்கொண்டு தவித்தபோது மகள் வீறிட்டாள். அக்கா ஓடிவந்து அவளைத் தூக்கினார். சுவரோரம் உட்கார்ந்து, புடவையை விலக்கி, மார்போடு சேர்த்துக்கொண்டார். அழுகை நின்றது. அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. பிறகு தினமும் அப்படித்தான். மகளின் கன்னத்தில் சதை பிடித்தது. எனக்கும் கொஞ்சம் ஊறத் தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் வாசலில் உட்கார்ந்து மகளோடு அவர் கொஞ்சிய கொஞ்சலை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு காலையில் வெறுங்கையோடு வந்தார். மாராப்புக்குள் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். பால் நிற்க மாத்திரை போட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

"இவ அழுதா, ஒனக்கு முன்னாடி எனக்கு ஊறுது. இது நல்லதுக்கில்லம்மா. அப்புறம் என்னால இவளக் குடுத்துட்டுப் போவ முடியாது."

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"உன்கிட்ட ஊறுறதக் குடு. பத்தலன்னா டப்பா பால் குடு. எவ இன்னா சொன்னாலும் காதுல வாங்காத. புள்ள வயிறு நெறைஞ்சிதான்னு மட்டும் பாரு."

நான் கழுவி வைத்திருந்த பாலாடையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தாய்வீட்டுக்குப் போனவர், நாங்கள் அந்த அறையைக் காலி செய்யும்வரை திரும்பி வரவில்லை.

அவர் சொன்னபடியே வளர்த்தேன். என் பாலும் டப்பாப் பாலும் சேர்ந்துதான் அவளை ஆளாக்கின. தாய்ப்பால் இல்லையா என்று யாராவது இழுத்தால், வயிறு நிறைகிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்தத் தைரியம் என் சொந்தச் சரக்கு இல்லை. ஒருத்தி தன்னைக் கட்டிப்போட்டுவிட்டு எனக்குக் கொடுத்துப்போனது.

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கழுத்தில் ஏதோ கேன்டீனின் அடையாள அட்டை. அதற்குப்பின் பிள்ளை இல்லை என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் பார்வை என் மகளின் பள்ளிச் சீருடையில், ரிப்பன் கட்டிய சடையில், கன்னத்தில் நின்று நின்று போனது.

"இன்னா படிக்கிற?"

"ரெண்டாங் கிளாஸ், ஆண்ட்டி."

பெரியம்மா என்று கூப்பிடு என்றேன் மகளிடம். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"வோணாம். ஆண்ட்டியே இருக்கட்டும்."

கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பி, அந்தப் பாலாடை இன்னும் உன்கிட்ட கீதா என்று கேட்டார். இருக்குக்கா என்றேன். தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். மகளைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் அதைப் பார்க்கவேண்டும் என்றாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெள்ளி கறுத்திருந்தது. அதன் மூக்கை விரலால் தடவிப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாள். உன் அக்காவுடையது என்றேன்.

"எந்த அக்கா? பேர் என்ன?"

வீட்டுக்கு வராமலே போனவளுக்கு யாரும் பேர் வைக்கவில்லை.