பசி தெரியாத வயிறு

பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்துமஸுக்குப் பழைய அளவில் தைத்த சட்டை எனக்கு ஏறவில்லை. சித்தூர் கடைவீதியில் தையல்காரர் எல்லார் முன்னாலும், "பாப்பாவுக்கு இனிமே பெரியவங்க அளவுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே நான் சோறு வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு தட்டுச் சோற்றைப் பயமில்லாமல் பார்த்ததில்லை.

கொள்ளுக் கஞ்சி, சுரைக்காய்ச் சாறு, முட்டையில் வெள்ளை மட்டும். யார் எதைச் சொன்னாலும் செய்தேன். எடை இறங்கும், பாராட்டுவார்கள். பிறகு ஒருநாள் கட்டு அவிழ்ந்துவிடும். திருப்பதியில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். சாயங்காலம் பேக்கரியில் கேக்கும் பஃப்ஸும் வாங்கிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு ருசி தெரியாமல் விழுங்குவேன். சந்திரகிரி தாண்டுவதற்குள் பை காலி. மறுநாள் பட்டினி.

போன வருஷம் சர்ச்சில் ஒரு திருவிருந்து ஞாயிறு. எல்லாரும் அப்பம் வாங்க எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், அப்பா என்னைத் தனியாக அழைத்தார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"ஏம்மா போகல? எதுனா தப்பு நடந்துட்சா? என்னாண்ட சொல்லு, கத்தமாட்டேன்."

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. அந்த அப்பத்துல எவ்ளோ மாவு இருக்குன்னு தெரியல. அதான் பயமா இருக்குது."

நைனா என் முகத்தையே பார்த்தார். "நகத்தளவு அப்பம்தாம்மா அது" என்றார்.

அந்த வாரமே திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா தெலுங்கில், "இப்புடு ஆகலேஸ்தோந்தா?" என்றார். இப்போது பசிக்கிறதா என்று கேட்கிறார். சின்னக் கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரோ அந்நியரின் வயிற்றைப் பற்றி என்னிடம் விசாரிப்பதுபோல முழித்தேன்.

டயட் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னார். முதலில் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். பசி மெல்லத் திரும்பும். அப்புறம் அது கேட்பதைக் கொடுத்து, போதும் என்று தோன்றும்போது நிறுத்த வேண்டும். ஆகாத சாப்பாடு என்று எதுவும் இல்லை.

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் தவித்ததுபோல் நான் என்றுமே தவித்ததில்லை. தடை இல்லை என்றதும் கை நிற்கவில்லை. அம்மா வைத்த மட்டன் குழம்பை மூச்சு முட்டத் தின்றுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். எடை மெஷினை நைனா பரண்மேல் போட்டார். அவர் வெளியே போனதும் ஸ்டூல் போட்டு எடுத்து ஏறி நின்றேன். முள் பார்க்கவே முடியாத இடத்தில் நின்றது. அப்படியே தரையில் சரிந்தேன். அம்மா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நான் இன்னாதான் பண்ணட்டும்? சமைச்சா அழற, சமைக்காட்டியும் அழற" என்று என் பக்கத்தில் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

கங்காதர நெல்லூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே இருந்த அத்தை, "இன்னாடி, ஊதிக்கினே போற" என்றாள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். மறுபடியும் பட்டினி ஆரம்பித்தேன். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது போர்டு சுழன்றது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, செத்துப்போவேன் என்ற பயத்தைவிட குண்டாகிவிடுவேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதை உணர்ந்த அன்றே மருத்துவரிடம் திரும்பிப் போனேன்.

பிறகு ஒரு முற்பகல், ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஏதோ பிசைந்தது. பயம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தாள், புளியோதரை வாசனை. வாயில் நீர் ஊறியது. அது பசி! என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பாதியில் போதும் என்று தோன்றியது. நிஜமாகவே போதுமா, பழைய பயமா? தெரியவில்லை. மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பசித்தது. மிச்சத்தையும் சாப்பிட்டேன்.

இன்னும் பல நாள் அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடுவதில்லை. காலையில் அம்மா என்ன வேண்டும் என்று கேட்கிறாள். தோசை என்கிறேன். சொல்லிவிட்டு, கல்லில் மாவு விழும் சத்தம் கேட்கும்வரை, வேண்டாம் என்று வாய்வரை வருவதை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.