மூவாயிரத்தைத் தாண்டாமல் டோர்ட்மண்ட் வரை

2006 மே மாதம், புது கார் வந்த மறு வாரமே டார்ம்ஸ்டாட்டிலிருந்து டோர்ட்மண்டுக்குக் கிளம்பினோம். அங்கே ஒரு தமிழர் விழாவில் நான் பாட ஒப்புக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்கு வந்த இரண்டு வருடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் நான் பாட வாயைத் திறந்ததே இல்லை. மேடையில் தொண்டை கைவிட்டுவிடுமோ என்பதே கவலை.

ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் 240 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆனால் என் கணவர் செந்தில் இன்ஜின் சோதிக்கும் பொறியாளர் ஆயிற்றே! "புது இன்ஜின். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. இன்ஜின் சுத்துற வேகம், அதான் ஆர்பிஎம், மூவாயிரத்தைத் தாண்ட விடமாட்டேன். ரைன் ஆத்து ஓரமாவே போயிடலாம்" என்றார். நாலு மணிக்கு நான் பாட, காலை ஏழரைக்கே கிளப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் மெல்ல ஏற்றினார். ஓரிடத்தில் சைக்கிளில் வந்த பெரியவர் எங்களை முந்திக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனார். மானம் போயிற்று. சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்த வாயோடு பாட ஆரம்பித்தேன்.

"எடுத்ததும் மேல போகாதே. கொஞ்ச நேரம் கீழயே பாடு."

"நான் என்ன உங்க இன்ஜினா?"

போப்பார்டில் கரையோரம் புளியோதரை சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பாட்டு. கொலோன் தாண்டும்போது மேல் ஸ்தாயியும் பிசிறில்லாமல் நின்றது.

டோர்ட்மண்ட் மண்டப வாசலில் விழா நடத்தும் யாழ்ப்பாணத்து அக்கா காத்திருந்தார். "என்ன தங்கச்சி, இவ்வளவு நேரமோ? ஓடி வாங்கோ, அடுத்தது நீங்கள்தான்!"

பாடினேன். தொண்டை கைவிடவில்லை. முடித்ததும், "இன்னொண்டு பாடுங்கோ!" என்று குரல்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது செந்தில் நேராக ஆட்டோபானில் ஏறினார்.

"இன்ஜின் என்ன ஆகும்?" என்று பதறினேன்.

"ஒண்ணும் ஆகாது. ரொம்ப விரட்டாம, ஒரே வேகத்துல ஓட்டாம, ஏத்தி இறக்கிப் போனாப் போதும்."

"அப்போ காலையில?"

"ஆட்டோபான்ல நீ பாடவா செய்வே? வண்டிங்க பறக்கிற வேகத்துல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் பயந்துதான் உக்காந்திருப்பே."

ஆகவே, புது வண்டிக்காரர்களே, தாராளமாக ஆட்டோபானிலேயே போங்கள். பாடப் பயப்படும் ஆள் வண்டியில் இருந்தால் மட்டும் ரைன் கரைச் சாலை. எட்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.