எழுநூற்று முப்பத்து நான்கு படிகள்

பாரிஸில் இருக்கும் என் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே எனக்கு ஃபோன் எடுத்தார். முப்பது வருடமாக மற்றவர்களின் அலுவலகங்களைத் துப்புரவாக்கியவர், அந்த நகரத்துக்கு வெளியே ஒரு நாளும் ஊர் சுற்றிப் பார்த்ததில்லை.

"ரிவியிலை ஒரு ஊர் காட்டினவங்கள். ஊரைச் சுத்திக் கோட்டை மதில், சுத்திவர மலை. நீயும் வாவன், ரெண்டு பேரும் போவம்."

அப்போது எனக்குச் சத்திரசிகிச்சையில் முழங்கால் மாற்றி நான்கு மாதம். கனடாவில், பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடி பொதி கட்டியதில் போன முழங்கால் அது. ஸ்காபரோவில் பதினோராம் மாடி வீட்டில் இருந்துகொண்டு அந்த ஊரைப் பற்றித் தேடினேன். பெயர் வில்ஃபிரான்ஷ். பிரான்ஸின் தெற்கே, பிரெனே மலைகளுக்குள் இருக்கிறது. ஊருக்கு மேலே மலையில் இன்னொரு கோட்டை. அதற்குப் போக மலையைக் குடைந்து வெட்டிய படிக்கட்டு, எழுநூற்று முப்பத்து நான்கு படி. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது.

எனக்குப் பிசியோ செய்த பெண்பிள்ளையிடம் சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"அன்ரி, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, அப்ப இண்டைக்கே ஸ்டார்ட் பண்ணுவம்."

அந்தப் பனி மாரி முழுக்க எங்கள் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டில் ஏறினேன். முதல் வாரம் இரண்டு மாடி. பனி உருகிய நேரம் பதினோரு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்த கணவரிடம் பேச முடியாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

அக்காவிடம் சுரங்கப் படிக்கட்டைப் பற்றி முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் போர் நடந்து செல்லடி விழுந்த காலத்தில், எங்கள் வளவில் வெட்டிய பங்கர் குழியின் வாசல் ஒரு விடியற்காலை இடிந்து அக்கா உள்ளே அகப்பட்டார். மண்ணைக் கையால் தோண்டி அவரை வெளியே எடுக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் லிஃப்டில் தனியே ஏறமாட்டார். பாரிஸில் இத்தனை வருடமும் பஸ்தான். நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலில் கால் வைத்ததில்லை.

"மேலை போக வான் வண்டியும் இருக்காம், அக்கா. நீங்கள் அதிலை வாங்கோ. நான் படியிலை வாறன்."

"ஓம், உந்தப் பொந்துக்குள்ளை நான் வரமாட்டன்."

ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தோம். ஊர் என்றால் இரண்டே இரண்டு நீளத் தெருக்கள். கல் வீடுகள், கடை வாசல்களில் இரும்பில் செய்த பெயர்ப் பலகைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில். அக்கா மதிலில் உள்ளங்கையை வைத்து, "வெயிலிலையும் குளிருது" என்றார். நான் அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை மிக உயரத்தில் இருந்தது.

ரிக்கெட் கொடுத்தவர் அக்காவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அக்கா சிரித்தார். "கனபேர் வான் வண்டியிலை ஏறிப் படியாலை இறங்குவினமாம். நீ தலைகீழாம்."

அக்காவை வான் வரும் இடத்தில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். ஈரக் கல்லின் மணம். மங்கலான விளக்குகள். படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், எங்கள் கட்டடத்துப் படிகளைப் போல ஒழுங்கில்லை. இருநூறு வரை சுலபமாக எண்ணிக்கொண்டு ஏறினேன். முந்நூறைத் தாண்டியதும் முழங்கால் இறுகியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் முடிவு தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை. தொழிற்சாலையில் கால் வீங்கி நின்ற நாட்களில்கூட எனக்கு அழுகை வந்ததில்லை. அன்று வந்தது.

அப்போது கீழேயிருந்து வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது.

"எங்கையடி நிக்கிறாய்?"

அக்கா! ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையில் ஃபோன் வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தார். முகம் வெளிறி, வேர்வையில் நனைந்திருந்தது.

"ஏன் அக்கா வந்தனீங்கள்?"

"அஞ்சு தரம் அடிச்சன், நீ எடுக்கேல்லை. விழுந்திட்டியோ எண்டு நினைச்சன்."

"இதுக்குள்ளை சிக்னல் இல்லை, அக்கா."

"அது எனக்குத் தெரியுமே?" என்று ஏசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர்தான் எழும்பினார்.

"இதிலை இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். எழும்பு. மேலை போவம்."

என் முழங்காலை விட அவருடைய பயம் அவசரமாக இருந்தது. நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துச் சேர்த்து ஏறினேன். அக்கா பின்னால் வந்தபடி, நான் விட்ட எண்ணிலிருந்து உரத்த குரலில் படிகளை எண்ணினார். நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்ன அதே ராகம். ஐந்நூறில் நின்றோம். அறுநூறில் மறுபடி நின்று தண்ணீர் குடித்தோம். எழுநூறுக்குப் பிறகு முகத்தில் காற்றுப் பட்டது. அக்கா எண்ணுவதை விட்டுவிட்டு என்னை முந்திக்கொண்டு ஓடினார். அறுபத்தாறு வயது!

வெளியே வெயிலில் கண் கூசியது. கீழே கைக்குள் அடங்கும் அளவில் அந்த ஊர், அதன் ஓட்டுக் கூரைகள், சுற்றி மதில், அதைத் தொட்டு ஓடும் ஆறு. வான் வண்டியில் வந்து இறங்கியவர்கள் வேர்வையோடு நின்ற எங்களைப் பார்த்தார்கள். அக்கா அவர்களிடம், முப்பது வருடம் அலுவலகங்களில் தலை குனிந்தபடி பேசிய அந்தப் பிரெஞ்சில், இப்போது நெஞ்சை நிமிர்த்தி ஏதோ சொன்னார். ஒரு வயதான தம்பதி கை தட்டினார்கள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை தங்கச்சிக்கு முழங்கால் இரும்பு, எனக்கு நெஞ்சு இரும்பு, ரெண்டு பேரும் நடந்தே வந்தம் எண்டனான்."

நான் சிரித்த சிரிப்பில் கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இறங்கும்போது வான் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தேன். அக்கா என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார்.

"உன்ரை காலுக்கு ஏலுமெண்டால், படியாலேயே போவம். இந்த முறை நான் முன்னுக்கு."