அழிந்துபோன தோசை வரி

சனிக்கிழமைதோறும் எங்கள் ஜோகுபாளையத்து அடுக்குமாடிக் குழந்தைகள் சிலருக்கு இணையத்தில் தமிழ்க் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதுவார்கள். யார் எழுதுகிறார்கள் என்று பெயர் தெரியும்.

இன்றைய தலைப்பு, எங்கள் வீட்டுச் சமையலறை.

நாலாம் வகுப்புக் காவ்யா எழுதினாள்: ‘அப்பா சுடும் தோசை கருகிவிடும். அம்மா திட்டிக்கொண்டே இரண்டு சாப்பிடுவாள்.’

பல மாதங்களில் நான் பார்த்த முதல் உயிருள்ள வரி. பாராட்டுவதற்குள், என் கண்ணெதிரே எழுத்தெழுத்தாக அது அழிந்தது. அதே பெயரில், ‘சமையலறை ஓர் இல்லத்தின் இதயம் போன்றது’ என்று ஒரு பத்தி மளமளவென்று வந்தது.

போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

“நீங்கதானே எழுதினது?”

“ஆமா மிஸ். எல்லா பேரன்ட்ஸும் பாக்குற பேஜ். எங்க வீட்டுக்காரர் தோசைய கருக்குறது ஊருக்கே தெரியணுமா?”

“தெரிஞ்சா என்னம்மா?”

“உங்களுக்கென்ன மிஸ். நாளைக்கு லிஃப்ட்ல என்னைத்தான் கேப்பாங்க.”

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சிவப்பு மையால் அடித்தாலும், நாங்கள் எழுதியது அடியில் தெரியும்.

பழைய பதிப்பைத் தேடியெடுத்து, தோசையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

உடனே காவ்யா கீழே எழுதினாள்: ‘மிஸ், அம்மா எழுதினதே இருக்கட்டும். அதுக்குத்தான் ஸ்கூல்ல ஃபுல் மார்க் போடுவாங்க.’

கணினியை மூடிவிட்டேன்.

அம்மாக்களே, அடுத்த கட்டுரையையும் நீங்களே எழுதுவதானால் சொந்தப் பெயரில் வாருங்கள். திருத்தித் தருகிறேன். யார் யார் வருகிறீர்கள்?