கடைசிப் பதினாறு பக்கம்

காரைக்காலில் துப்பறியும் நாவல் படிக்கிறவர்கள் என்னைக் கேட்டுத்தான் படித்தார்கள் என்று ஒரு காலம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய மறுவருஷம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புகளைப் பதிவது என் உத்தியோகம். அங்கே செத்தவர்கள் எல்லோரும் காய்ச்சலிலும் முதுமையிலுமே செத்தார்கள். கொலைக்கு நான் சென்னையிலிருந்து ரயிலில் வரும் புத்தகக் கட்டைத்தான் நம்பியிருந்தேன்.

"எதுங்க நல்லாருக்கும்?" என்று கேட்டு வருவார்கள். உடனே சொல்லமாட்டேன். கண்ணாடியைத் துடைப்பேன். பயந்த சுபாவமா, ரத்தம் ஆகுமா, ஜமீன் பங்களா பிடிக்குமா என்று விசாரிப்பேன். அப்புறம் கொடுப்பதையும் முழுசாகக் கொடுப்பதில்லை. புத்தகம் வந்த அன்றே பேனாக்கத்தியால் தையலை அறுத்து, கடைசிப் பதினாறு பக்கத்தை உருவி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். படித்தவர் வந்து, இன்னார்தான் கொலைகாரன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னால்தான் அது கிடைக்கும். தப்பாகச் சொன்னாலும் கிடைக்கும். தப்பாகச் சொல்லவேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனையே.

இந்தச் சட்டத்துக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டவள் என் மனைவி. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சரியாகச் சொன்னதில்லை. "அந்தச் சமையக்காரன்தாங்க. முழியே சரியில்ல" என்பாள். நான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறப்பேன். எங்கள் தாம்பத்தியத்தில் நான் ஜெயித்த ஒரே இலாகா அது.

அப்போதுதான் சைகோனில் முப்பது வருஷம் துணி விற்றுவிட்டு ஊர் திரும்பிய பாய் ஒருவர் எங்கள் தெருமுனையில் ஜவுளிக்கடை போட்டார். மருதாணித் தாடி, ஐம்பத்தைந்து வயது, பேரன் பேத்தி எடுத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'நானா'. அதாவது அண்ணன். அவர்மேல் எனக்கு வந்த பொறாமை நீங்கள் நினைக்கிற ரகம் அல்ல. அதைவிடக் கேவலமானது. அவர் சைகோனில் துணி விற்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் சினிமாக் கொட்டகையில் இருந்திருக்கிறார். பார்த்த படங்களையெல்லாம் இங்கே வந்து, துணி வெட்டிக்கொண்டே சொன்னார்.

ஒருநாள் என் மனைவி ரவிக்கைத் துணி வாங்கப் போய், வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்து அங்கே கேட்ட படக்கதையை எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அடுப்பில் அப்பளம் கருகியது. நான் சிபாரிசு செய்த எந்த நாவலுக்கும் எங்கள் வீட்டில் அப்பளம் கருகியதில்லை.

மறுநாள் வேட்டி பார்க்கிற பாவனையில் போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள். என் மனைவியும் இருந்தாள். நானா கத்திரியும் கையுமாக நின்றார்.

"இந்தா, இவன்தான் கொலகாரன். மொதல்லயே சொல்லிட்டேன், பொறவு தேடாதீங்க. செத்தவன் கையில இவன் கோட்டுப் பித்தான் மாட்டிக்கிடுச்சு. காலையில புதுப் பித்தான் வைக்கத் தையக்கடைக்கு வாரான். பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்திருக்கான். யாரு? போலீசு. அவன் பையில என்னா இருக்கு? அந்தப் பித்தான்!"

கத்திரி பாதித் துணியில் நின்றது. யாரும் எழுந்து போகமுடியாது. துணி பாதி வெட்டில் கிடக்கிறது. கொலைகாரன் யாரென்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு ஒரு மனிதர் என்னை மூச்சுவிடாமல் நிற்க வைத்திருக்கிறார். நானோ பதினாறு பக்கத்தைப் பூட்டி வைத்துப் பிழைக்கிறவன்.

பழி வாங்க, அன்று காலை அலுவலகத்துக்கு வந்திருந்த தடித்த நாவலைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் கடைசிப் பக்கங்களை உருவிப் பெட்டியில் வைத்துவிட்டு, நேரே கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, வாலில்லாத மீனாவுல்ல குடுக்குறீங்க?"

"கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வாலு தானா வரும்."

வந்து கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. ஆள் வரவில்லை. எட்டாம் நாள் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நானா இன்னக்கி உங்க புஸ்தகத்தக் கடையில சொன்னாங்க. முடிவு பிரமாதம்ங்க."

"முடிவு என் பெட்டியிலல்லவா இருக்கு?"

"இது வேற. வக்கீல் கொன்னான்கிறது அந்த வெதவைக்கு மொதல்லயே தெரிஞ்சுபோவுது. தெரிஞ்சும் தெனம் அவனுக்குக் காப்பி போட்டுக் குடுக்குறா. என்னக்கி என்னத்தக் கலப்பாளோன்னு நமக்குத்தான் நடுங்குது. அதுல இருக்குறத விட இது எவ்வளவோ மேலுங்க."

அசல் முடிவின் அருமையைக் காட்டியே தீருவது என்று எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். பதினாறு பக்கத்தின் கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. அந்தப் புத்தகத்தை அவள் கையில் நான் இன்னும் கொடுக்கவே இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் மஞ்சள் அரைப்பதில்லை. நாவலாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்க முந்நூறு பக்கம் ஆகியிருக்கும். எனக்கு ஆறு வருஷம் ஆனது.

"சாவி?" என்றேன்.

"சட்டையோட ஆணியில மாட்டிட்டுத்தானே குளிக்கப் போறீங்க."

"எல்லாத்தையும் இப்படித்தான் படிச்சியா?"

"முடிவு தெரியாட்டி எனக்குப் படிக்க ஓடாதுங்க."

"அப்ப சமையக்காரன், சமையக்காரன்னு சொன்னது?"

"அதக் கேட்டா உங்க மொகத்துக்கு ஒரு களை வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானாகிட்ட அசல் முடிவச் சொன்னதும் நான்தான். கேட்டாங்க. 'சப்புன்னு இருக்கே தங்கச்சி'ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ரெண்டு பேருமா ஒக்காந்து மாத்துனோம்" என்றாள்.

ரெண்டு பேருமா. ஆறு வருஷத்தில் அவளும் நானும் உட்கார்ந்து ஒரு கதையில் ஒரு காற்புள்ளியை மாற்றியதில்லை.

அடுத்த கட்டு வந்தபோது கத்தியை எடுக்கவில்லை. புத்தகத்தை முழுசாக அவளிடம் நீட்டினேன். என் கண்ணெதிரிலேயே கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் படித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மூடி என்னிடம் கொடுத்தாள்.

"யாருன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்."

மூன்று நாள் படித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். "மாமனாரா?" என்று கேட்டால் கீரையை ஆய்ந்தாள். "தோட்டக்காரனா?" என்றால் அரிசியைக் களைந்தாள். என் ஆயுளில் அப்படிப் பயந்து எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. இவ்வளவு காலம் கழித்து, ஒரு நல்ல ரகசியத்தில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் பங்கு கிடைத்திருக்கிறது என்று உள்ளூர ஒரு பூரிப்பு.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜவுளிக்கடையைத் தாண்டும்போது நானா கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, பாதிக்கு வந்துட்டீங்களா? நல்லாப் படிங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன்."