கொல்லையைக் கடந்த கேபிள்

அவசரகாலம் என்றால் பெரியவர்கள் வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்பிவேலியும் ஊரடங்குமாக இருந்த பழைய காலத்தைச் சொல்வார்கள். நான் சொல்வது கிருமிக்காக அறிவித்த அவசரகாலம். அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலையில் இருந்தேன். கடையை மூடச் சொன்னதும் மெர்போக் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த சில நாட்களில் அம்மாவுக்குத் தொற்று.

லேசான காய்ச்சல்தான், வீட்டிலேயே தனியாக இருக்கட்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கொல்லைக்கு அப்பால், அப்பா உரமூட்டைகள் அடுக்கியிருந்த அறையைக் கழுவிக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். சோற்றுத் தட்டைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அம்மா உள்ளே எடுத்துக்கொள்வார். திரும்பப் போனால் தட்டு அதே திட்டில், சோறு அப்படியே, குழம்பின் மேல் ஆடை கட்டியிருக்கும்.

"ஏம்மா சாப்டல? வாய் கசக்குதா?"

"நீங்க சாப்டீங்களா?"

"சாப்டாச்சுமா."

"உங்கப்பா?"

"அவரும் சாப்ட்டாரு."

"என்னா வச்சி?"

"முட்ட பொரிச்சேன்."

"பொய் சொல்ற லா நீ."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் என் வார்த்தை அம்மாவுக்குப் போதவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் தட்டைத் தொடுவார். அது விரதமோ கட்டுப்பாடோ இல்லை. உடம்பே அப்படிப் பழகிவிட்டது. நாங்கள் கை கழுவும் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பசிக்கும். கொல்லைக்கு அப்பால் அந்தச் சத்தம் எட்டவில்லை.

கிளினிக்கிலிருந்து தினமும் போனில் விசாரித்தார்கள். சாப்பாடு இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் ஒரு தாதி. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை யாரும் போய்ப் பார்க்க முடியாத நாட்கள் அவை.

நாங்கள் சாப்பிடுவதை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் வீடியோ காலுக்கு வழியில்லை. தோட்டத்தில் போன் லைன் பேச்சுக்கு மட்டும்தான் தாங்கும். படத்தில் அம்மாவின் முகம் பாதி வாயோடு உறைந்து நின்றுவிடும். என்ன இருக்கிறது என்று வேலைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் வேண்டாம் என்று கழற்றிக் கொடுத்த பழைய கேமரா. அதற்கான அடாப்டர். கொல்லையைத் தாண்டும் அளவுக்குக் கோஆக்சியல் கேபிள். முனைக்கு ஒன்றாக மாட்டக் கனெக்டர் இரண்டே இரண்டு. டிவியின் மஞ்சள் துளையில் செருக ஒரு சின்ன இணைப்பு. பரணில் பழைய பெட்டி டிவி. அது போதும் என்று தோன்றியது.

அந்தக் கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி ஓடும். அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக். அதன்மேல் முடிபோன்ற கம்பிகளால் பின்னிய வலை, வெளியே கறுப்புத் தோல். தோலை மட்டும் பிளேடால் சுற்றி அறுத்து, வலையைப் பின்னால் மடிக்க வேண்டும். வலையின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது. கனெக்டரைக் குறட்டால் அழுத்திவிட்டால் பிரிக்கவும் முடியாது. என்னிடம் மூன்றாவது கனெக்டர் இல்லை.

அப்பா டார்ச் பிடித்தார். நான் முனையைக் கண்ணருகே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னா பாப்பா, பேன் பாக்கிறியா?"

"ஆமாப்பா. ஒண்ணு ஆப்டுச்சு."

பல நாட்களுக்குப் பிறகு அப்பா சிரித்தார். அந்த இழையைக் கிள்ளி எறிந்துவிட்டு அழுத்தினேன்.

கேமராவைக் குசினியில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் மாட்டினேன். அம்மா முகக்கவசத்தோடு கொல்லையில் ஒதுங்கி நிற்க, டிவியை அவர் அறைச் சன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன். உடனே போன் அடித்தது.

"தெரியுது லா! அடுப்ப ஏன் தொடைக்காம போட்ருக்க?"

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். போனை நடுவில் வைத்திருந்தேன்.

"உங்கப்பாக்கு ரசம் ஊத்து. அவரு கேக்க மாட்டாரு."

"கேமராவுல என் தொப்ப தெரியுதா?" என்றார் அப்பா.

"அது ஒண்ணுதான் தெரியுது."

அப்பா காலித் தட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார். கை கழுவினோம். பிறகு கொல்லைக்குப் போனேன். திட்டில் இருந்த தட்டில் கறிவேப்பிலை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது.

அதன்பின் ஒவ்வொரு வேளையும் தட்டு காலியாக வந்தது. தாதி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பதை விட்டார். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது கேமராவின் கறுப்புக் கண்ணாடியைத்தான். நான் மாட்டியதில் அம்மா பார்க்கும் வழி மட்டும் இருந்தது, நான் பார்க்கும் வழி இல்லை. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடத்தில் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் தட்டை எடுக்கும் நேரத்தில் நான் எப்போதும் வேறு அறையில் இருந்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை காய்ச்சல் போல ஏறியது.

கேபிளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். முனைகளில் இருப்பதை மாற்றினால் படம் திரும்பி வரும் என்று போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"போடி, வெக்கமா இருக்கு. நான் திங்கிறத பாத்து என்னா செய்யப் போற?"

அப்பா போனை வாங்கினார். "ஒரு வாட்டி லா. கல்யாணத்தன்னிக்கும் நீ குனிஞ்சிக்கிட்டே சாப்ட்ட, நானும் பாக்கல."

நாங்கள் சாப்பிட்டு முடித்ததை அவர் பார்த்த பிறகே மாற்றினோம். அம்மா மஞ்சள் இணைப்பைக் கழற்றித் திட்டில் வைத்தார். மருந்து தெளித்துத் துடைத்து எடுத்துக்கொண்டேன். நான் கழற்றி அடாப்டரோடு திட்டில் வைத்த கேமராவைக் கேபிளோடு அவரே பொருத்தினார். "தள்ளிட்டு லேசா திருப்பும்மா" என்றேன். ஹால் டிவியைத் தூக்கிவந்து குசினி மேசையில் வைத்தோம்.

கட்டில் கால் தெரிந்தது. கூரை தெரிந்தது. ஒரு பெரிய விரல். பிறகு அம்மா. தட்டை எடுத்தார், கேமராவை ஒருமுறை முறைத்தார், முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எங்களுக்குக் கிடைத்தது கொண்டையும் வலது முழங்கையும்தான். முழங்கை மேலே போனது, இறங்கியது, மேலே போனது.

"சாப்புடுறா," என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

முழங்கை நிற்கும்வரை நாங்கள் எழவில்லை.

அம்மா குணமாகி வீட்டுக்குள் வந்தார். கேபிளைச் சுருட்டிப் பரணில் போட்டேன். இப்போது பாலிங்கில் வேலை, வாடகை வீடு. தோட்டத்திலும் புதிய கோபுரம் வந்து லைன் நன்றாக எடுக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அம்மாவை அழைத்துவிடுவேன். பூனையைக் காட்டுவார், குழம்பைக் காட்டுவார். நான் சாப்பிட்டு முடித்துக் காலித் தட்டைக் காட்டிய பிறகு, "சரி, நான் சாப்டுறேன்" என்று போனை மேசையில் மல்லாத்தி வைத்துவிடுவார்.

திரையில் குசினிக் கூரையும் சுழலும் காற்றாடியும் தெரியும். தட்டில் விரல் உரசும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை நான் அந்தக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.