முந்நூறு கிராம் அன்னாசி எத்தனை கப்?

இன்று மாலை நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நாத்தனார் குடும்பம் சாப்பிட வருகிறதென்று வீட்டில் அன்னாசிக் கேசரி செய்ய ஆரம்பித்திருந்த கணவர், போன் செய்தார். பஸ் இரைச்சலில் கேட்கவில்லையென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"முந்நூறு கிராம் பழம்னு போட்டிருக்கு. வீட்ல தராசு இல்லையே, எத்தனை கப் போடணும்?"

"நறுக்கின துண்டுன்னா ரெண்டு கப் போடுங்க."

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "ஒரு கப்புன்னா இருநூத்தம்பது கிராம்ங்க. ஒண்ணேகால் கப்பே போதும்."

"அது தண்ணிக்குங்க. பழத்துண்டுன்னா நடுநடுவுல இடம் விட்டு நிக்கும், எடை குறையும்."

"எதைப் போட்டாலும் கப்பு கப்புதானேம்மா."

நான் பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் அடர்த்திப் பாடம் நடத்துகிறவள்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர், "அவர் சொல்றதுதான் சரியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது நாத்தனார் கேசரியை ஸ்பூனால் துழாவிப் பார்த்து, "என்னண்ணே, பழத்தையே காணோம்?" என்றாள்.

"உங்க அண்ணி போன்ல சொன்ன அளவுதான்மா" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலேயே.



இனி இவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால், முன்பின் தெரியாத ஆள் யாரையாவது பிடித்துத்தான் சொல்லவைக்க வேண்டும் போலிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?